மாண்டிசோரி அம்மையாரும் ஏழைக் குழந்தைகளும்

நம் காலனிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும் முன்னரே மாண்டிசோரிப் பள்ளியொன்றைத் தேடத் தொடங்குகின்றனர். கட்டணத்தைக் கேட்டு மலைத்து நிற்போரும் நம்மிடையே உண்டு. அப்பள்ளிகளுக்குத் தம் பெயரை ஈந்த அம்மையார், தம் முதற் பள்ளியை யாருக்காகத் திறந்தார், அதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என்பவற்றை நம்மிற் பலர் அறியோம். ஆதலின் அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில் ரோம் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றிய காலை, இதார், செகான் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஊன்றிக் கற்றார். கையால் தொட்டும், எடுத்தும், பொருத்தியும் பழகும் பொருள்களின் வாயிலாக அக்குழந்தைகளின் அறிவு மலர்வதைக் கண்டார். இம்முறை ஏனைய குழந்தைகளுக்கும் பயன்படாதோ என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

அதற்கு விடை காணும் வாய்ப்பு, ரோம் நகரின் வறியோர் வாழும் சான் லொரன்சோ பகுதியில் கிட்டியது. அங்கிருந்த பழுதுற்ற குடியிருப்புகளைக் கட்டட நிறுவனமொன்று செப்பனிட்டது. தாய் தந்தையர் கூலி வேலைக்குச் சென்றபின், பள்ளி செல்லும் வயதெய்தாத சிறார்கள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். அவற்றைத் திரும்பத் திரும்பச் செப்பனிடும் செலவைக் கொண்டே அச்சிறார்களைப் பேண ஓர் அறை அமைக்கலாம் என அந்நிறுவனத் தலைவர் எதுவார்தோ தாலமோ கருதினார்; அம்மையாரை அழைத்தார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பெற்றது. சுமார் ஐம்பது குழந்தைகள் சேர்ந்தனர். பெற்றோர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டுவதில்லை. குழந்தையைத் தூய்மையாக அனுப்புதலும், பொறுப்பாளரை அடிக்கடி கண்டு அளவளாவுதலுமே அவர்தம் கடன்.

அங்கே வைக்கப்பெற்ற பொருள்களில் ஒன்றைக் கூறுவோம். ஒரு மரக்கட்டையில் பத்துத் துளைகள். அவற்றிற் பொருந்தப் பத்து உருளைகள். ஓர் உருளையைத் தவறான துளையில் இட்டால், இறுதியில் வேறொன்று இடமின்றி எஞ்சும். ஆசிரியர் கடிந்துரைக்க வேண்டுவதில்லை. குழந்தை தானே பிழையை உணர்ந்து திருத்திக் கொள்ளும். செல்வச் சீமாட்டியர் அளித்த விலையுயர்ந்த பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, குழந்தைகள் இத்தகைய பொருள்களையே நாடினர்.

எழுத்துக் கற்பித்த வரலாறு இதனினும் சுவையுடையது. முன்னர்த் தாம் பயன்படுத்திய அழகிய மர எழுத்துக்களைப் போன்றவற்றை ஈண்டும் செய்விக்க அம்மையார் முயன்றார், அது கைகூடவில்லை. ஆகவே அட்டையிலும் உப்புத்தாளிலும் எழுத்துக்களை வெட்டிச் சமைத்தனர். குழந்தைகள் உப்புத்தாள் எழுத்தின் மீது விரலை ஓட்டி, அதன் வடிவை உணர்ந்தனர். அட்டை எழுத்துக்கள் மலிவானவை. ஒரே எழுத்தில் பல படிகள் செய்து கொள்ளலாம். அதனால் குழந்தைகள் அவற்றை அடுக்கிச் சொற்களை ஆக்கினர். சில திங்களில், ஏட்டுப் பாடம் எதுவுமின்றியே எழுதவும் தொடங்கினர். வறுமையாற் கொண்ட மாற்றுவழியே முந்தைய முறையினும் சிறந்ததாயிற்று.

1909-இல் அம்மையாரின் நூல் வெளிவந்தது. புகழ் உலகெங்கும் பரவியது. ஆயின் புகழோடு விலையும் ஏறிற்று. அளவு பிசகாத பொருள்களை அனுமதி பெற்றவர்களே செய்தல் வேண்டும் என அம்மையார் வற்புறுத்தினார். தரம் காக்கும் நோக்கில் விதித்த அந்நெறி, ஏழைப் பள்ளிகளுக்கு அப்பொருள்களை எட்டாக் கனியாக்கியது என்பதை மறைத்தற்கில்லை. 1931-இல் லண்டனில் அவரைச் சந்தித்த காந்தியடிகள், செல்வர் வீட்டு மக்களுக்கேயன்றி வறியோர் மக்களுக்கும் இக்கல்வி கிட்டுதல் வேண்டும் என்னும் விருப்பத்தைத் தெரிவித்தார்.

முசோலினியின் ஆட்சியோடு மாறுபட்டு, 1934-இல் தாயகம் துறந்த அம்மையார், 1939-இல் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றிற்கு எழுந்தருளினார். ஓலைக் கொட்டகையில் சுமார் முந்நூறு ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, அவர்தம் மகன் மாரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி விடுவிக்கப்பெற்றார். பின்னர் கோடைக்கானலிலும் தங்கிப் பணி தொடர்ந்த அம்மையார், 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்தில் மறைந்தார்.

காந்தியடிகளின் விருப்பத்தை நம் நாட்டில் நிறைவேற்ற முனைந்தோருள் தாராபாய் மோதக் அம்மையார் தலையாயவர். 1945-இல் பம்பாய்க்கு வடக்கே போர்டியிலும், 1957 முதல் கோஸ்பாட்டில் பழங்குடி மக்களிடையேயும் அவர் குழந்தைப் பள்ளி நடத்தினார். கூழாங்கல், விதை, இலை, கிளிஞ்சல் ஆகியவையே அங்குக் கல்விப் பொருள்களாயின. பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் முற்றத்திற்கே பள்ளி சென்றது.

அன்பர்களே! நம் இல்லங்களிற் பணிபுரிவோரின் மக்கள் பயிலும் பள்ளி நம் காலனிக்கு அண்மையிலேயே இருக்கும். அட்டை, உப்புத்தாள், புளியங்கொட்டை, பித்தான், நூல்கண்டு ஆகியவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று. விழாப் பந்தலுக்கும் விருந்திற்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஆண்டுதோறும் அப்பள்ளிக்கு ஒதுக்குவோமாயின், சான் லொரன்சோவில் ஏற்றிய விளக்கு நம் தெருவிலும் ஒளிரும். நம் சங்கத்தார் இதனை மனங்கொள்வாராக.