கண்ணாடிக்குள் ஒரு கடல்

நுழையும்முன்

மலைகள் சூழ்ந்த தேனி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆயினும், வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் முல்லைப்பெரியாற்று நீரையும் ஏற்றுக்கொண்டு, மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் கண்மாயை நிறைத்து, எஞ்சிய நீரைப் பாக் நீரிணைப் பகுதியில் கடலிடம் ஒப்படைக்கிறது. அக்கடலின் பாறை இடுக்குகளில், சீலையம்பட்டிச் சந்தையில் நாம் காணும் சாமந்தியைப் போன்ற உயிர் ஒன்று விரிந்திருக்கிறது. அது மலரன்று, விலங்கு. அதற்குக் கடல் சாமந்தி என்று பெயர். அவ்வுயிரை வீட்டுத் தொட்டியில் நலமாக வாழவைக்கும் வழியை உலகிற்குக் கற்பித்த ஓர் இயற்கை அறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அத்தை காட்டிய வழி

பிலிப் ஹென்றி காஸ் 1810 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் காஸ், ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். குடும்பத்தில் வறுமை நிலவியது. எனினும், நுண்ணிய தூரிகையைப் பிடிக்கும் பயிற்சி தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் கடலுயிர்களை வண்ணம் பிசகாமல் வரைந்து காட்ட அவருக்குத் துணைநின்றது இப்பயிற்சியே.

காஸின் இளமைப்பருவம் பூல் என்னும் துறைமுக ஊரில் கழிந்தது. அவருடைய அத்தை சூசன் பெல் இயற்கையின்மேல் பேரார்வம் கொண்டவர். பாறையில் ஒட்டியிருந்த கடல் சாமந்தியைச் சிறுவனுக்குக் காட்டி, அதனைக் கடல்நீர் நிரப்பிய கலத்தில் இட்டு வளர்த்துப் பார்க்குமாறு தூண்டியவர் அவரே. அன்று விழுந்த விதை முளைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

அலைந்து கற்ற ஆண்டுகள்

பதினேழாம் வயதில், 1827 ஆம் ஆண்டு, காஸ் வேலை தேடிக் கடல் கடந்தார். நியூபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள கார்பனியர் துறைமுகத்தில், வணிக நிறுவனம் ஒன்றின் கணக்கு எழுதும் பணி கிடைத்தது. பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பு அவருக்கு இல்லை. 1832 ஆம் ஆண்டு நுண்ணோக்கி பற்றிய பழைய நூல் ஒன்றை விலைக்கு வாங்கினார்; அதுவே அவருக்கு ஆசிரியராயிற்று. பணி முடிந்த பொழுதுகளில் பூச்சிகளைத் தேடி, பார்த்து, எழுதி, வரைந்து தம்மைத் தாமே பயிற்றுவித்துக்கொண்டார்.

பின்னர்க் கனடாவில் வேளாண்மை செய்தார், அது கைகொடுக்கவில்லை. 1838 இல் அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். அங்கு நிலவிய அடிமைமுறையின் கொடுமை அவர் மனத்தை வருத்தியது. 1839 இல் வெறுங்கையுடன் தாய்நாடு திரும்பினார். ஆனால், அவர் பெட்டியில் குறிப்பேடுகள் நிறைந்திருந்தன. 1840 இல் வெளிவந்த கனடா நாட்டு இயற்கை பற்றிய நூல் அவரை எழுத்தாளராக அறிமுகப்படுத்தியது. 1844 முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் ஜமைக்காத் தீவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். 1848 இல் எமிலி என்பாரை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான்.

தொட்டிக்குள் ஓர் உலகம்

ஓயாத எழுத்துப்பணி காஸின் உடல்நலத்தைக் குலைத்தது. எனவே, 1852 இல் அவர் குடும்பத்துடன் டெவன் கடற்கரைக்குச் சென்றார். ஓய்வு தேடிச் சென்றவர் நாள்தோறும் பாறைக்குளங்களில் இறங்கி நின்றார். அலை வடிந்தபின் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் கடல் சாமந்திகள் விரிந்திருந்தன. ஒவ்வொன்றும் அடித்தட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு, வாயைச் சுற்றியுள்ள உணர்நீட்சிகளை இதழ்போல் விரித்து இரைக்குக் காத்திருந்தது. அந்நீட்சிகளில் உள்ள கொட்டும் செல்கள் சிற்றுயிர்களைச் செயலிழக்கச் செய்ய, நீட்சிகள் அவற்றை வாய்க்குள் சேர்க்கின்றன.

இவ்வுயிர்களைக் கலத்தில் இட்டால் விரைவில் நீர் கெடுகிறது, உயிரும் மடிகிறது. நாள்தோறும் புதுக் கடல்நீரை ஊற்றுவது கரையில் வாழ்வோர்க்கே இயலும். அவ்வாறாயின் உள்நாட்டில் வாழ்வோர் என் செய்வது? இவ்வினாவிற்குக் கடலே விடை வைத்திருந்தது. விலங்குகள் மூச்சுவிடும்போது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைக் கடற்பாசி ஒளியின் துணையுடன் பயன்படுத்தி, ஆக்சிஜனை வெளியிடுகிறது. பாசியும் விலங்கும் தக்க அளவில் அமைந்தால் ஒன்றை ஒன்று காக்கும். இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் இவ்வுண்மையை நன்னீர்த் தொட்டியில் மெய்ப்பித்திருந்தார். காஸ் அதனைக் கடல்நீர்த் தொட்டியில் நிலைநாட்டினார்.

1853 ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான நீர்வாழ் உயிரிக் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குரிய கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர்களுள் காஸ் முதன்மையானவர். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட நூல், அக்வாரியம் என்னும் சொல்லை உலக வழக்காக்கியது. அதே ஆண்டில், வேதியியலாளர் பகுத்தறிந்த கடல்நீரின் அளவுகளைக் கொண்டு சோடியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகளை நன்னீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீரையும் உருவாக்கினார். முதலில் பாசியை நட்டு, நீர் பக்குவப்பட்டபின் விலங்குகளை விட்டார். அதன்பின் கடலைக் காணாத ஊரிலும் கடல் சாமந்தி மலரலாயிற்று.

நலம் காக்கும் நெறி

காஸ் கற்பித்த நெறிகள் பலவும் இன்றும் பொருந்துவன. தொட்டி நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே வெளியேறுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. எனவே, குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு மிகுந்து உயிர் வாடும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அவ்வளவு மாறாதிருத்தல் வேண்டும். இரையை மிகுதியாக இடுதல் கூடாது. உண்ணாத இரை அழுகி நீரைக் கெடுக்கும். இறந்த உயிரை உடனே அகற்ற வேண்டும். வெப்பநிலை திடீரென ஏறி இறங்காமல் காத்தல் வேண்டும்.

வெப்பக்கடலில் வாழும் கடல் சாமந்திகள் பலவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து உணவளிக்கின்றன என்பதைப் பிற்கால அறிவியல் கண்டறிந்தது. ஆகவே, அவற்றிற்குத் தக்க ஒளியும் இன்றியமையாதது. நலமான கடல் சாமந்தி அடித்தட்டால் உறுதியாகப் பற்றி, நீட்சிகளை விரித்திருக்கும். பிடிப்பை இழந்து, வாய் பிளந்து, பல நாள் சுருங்கிக் கிடப்பது நோயின் அறிகுறியாகும்.

தெரிந்து தெளிவோம்

ஜான் டாலியல் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1828 இல் கடற்கரையிலிருந்து கடல் சாமந்தி ஒன்றை எடுத்துவந்து கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். 1851 இல் அவர் மறைந்தார். பின்னர் அவ்வுயிரைப் பலர் கைமாற்றிப் பேணினர். பாட்டி என்று செல்லமாக அழைக்கப்பட்ட அது, 1887 வரை உயிர் வாழ்ந்தது.

துயரின் நடுவே

1856 இல் இராயல் கழகம் காஸைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. கல்லூரி வாசலை மிதியாதவருக்குக் கிடைத்த அப்பெருமையை அவர் நெடுநாள் துய்க்க இயலவில்லை. 1857 பிப்ரவரியில் எமிலி புற்றுநோயால் மறைந்தார். மகனுக்கு அப்போது வயது ஏழு. அதே ஆண்டில், சமய நம்பிக்கையையும் நிலவியலையும் இணைக்க முயன்று அவர் எழுதிய நூலை இரு சாராரும் ஏற்கவில்லை. மனம் நொந்த காஸ், மகனுடன் டெவன் கடற்கரையிலேயே குடியேறினார். மீண்டும் பாறைக்குளங்களில் இறங்கினார். பிரித்தானியக் கடல் சாமந்திகளை வகைப்படுத்தி, தம் கையாலேயே வரைந்த வண்ணப்படங்களுடன் 1860 இல் பெருநூலாக நிறைவுசெய்தார்.

வெறுமையான பாறைக்குளங்கள்

காஸின் நூல்கள் நாடெங்கும் பரவின. வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைப்பது நாகரிகமாயிற்று. புதிதாக வந்த இருப்புப்பாதை வழியே மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தனர். உளியும் வாளியும் கொண்டு பாறைகளைப் பெயர்த்தனர். வளர்க்கும் பொறுமையின்றி அள்ளிச் சென்ற உயிர்கள் தொட்டிகளில் மடிந்தன. தலைமுறை தலைமுறையாக அழகு குன்றாதிருந்த பாறைக்குளங்கள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. இவ்வழிவுக்குத் தம் நூல்களே காரணமாயின என்பதை உணர்ந்து காஸ் வருந்தினார். 1888 ஆகஸ்டு 23 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். எழுத்தாளராக வளர்ந்த எட்மண்ட், 1907 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தந்தையின் அவ்வருத்தத்தைப் பதிவுசெய்துள்ளார்.

நம் கடல்

காஸ் தொடங்கிவைத்த மரபு நம் நாட்டிற்கும் வந்தது. சென்னை மெரினா கடற்கரையில் 1909 இல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் பெரிதும் விரும்புவது, கடல் சாமந்தியின் நீட்சிகளுக்கிடையே அச்சமின்றி வாழும் கோமாளி மீனை. அம்மீனைக் கடலிலிருந்து பிடிக்காமல் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியுள்ளது. 1986 இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள உயிர்களை எடுத்தல் குற்றமாகும்.

ஓர் உயிரை வளர்க்க விரும்புவோர் அதன் தேவைகளை முதலில் கற்க வேண்டும் என்பதைக் காஸின் உழைப்பு உணர்த்துகிறது. அவ்வுயிர் எங்கிருந்து வந்தது, அதனை எடுத்தபின் அவ்விடம் என்னவாகும் என்பதையும் கேட்க வேண்டும் என்பதை அவருடைய வருத்தம் உணர்த்துகிறது. வைகையின் தலைமாட்டில் வாழ்வோர்க்கும் அதன் கால்மாட்டிலுள்ள கடலைக் காக்கும் பொறுப்பு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஓடை அல்லது கண்மாயில் வாழும் உயிர் ஒன்றை, அதன் இடத்திலேயே ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பும் படமும் உருவாக்குக.

2. உயிர்களை வீட்டில் வளர்ப்பது இயற்கையின்மேல் அன்பை வளர்க்குமா, இயற்கைக்கு ஊறு செய்யுமா என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.