நெப்போலியன் தீவில் ஒரு தொழிலாளர் தலைவர்

நெப்போலியனைச் சிறை வைத்த தீவு செயிண்ட் எலினா. ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்த தளபதிக்கு அமைந்த சிறை அது. அதே தீவில் 1957-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று மூன்று அரபுக் கைதிகளை இறக்கிற்று. அவர்களில் ஒருவர் அப்துல் ரகுமான் அல்-பாக்கிர். எந்தப் படையை நடத்தினார் அவர்? டாக்சி ஓட்டுநர் படையை!

பஹ்ரைனைத் தம் களமாக்கிக் கொண்டவர் அவர். 1932-ல் அந்த மண்ணில் எண்ணெய் பீறிட்டது. பலன் யாருக்கு? மேலதிகாரம் வெள்ளையருக்கு, எழுத்தர் வேலை பெரும்பாலும் கடல் கடந்து வந்த இந்தியருக்கு, கடப்பாரை மண்ணின் மைந்தருக்கு! உள்ளூராருக்கு வேலை கேட்டு 1938-லேயே குரல் எழுந்தது, அடக்கப்பட்டது.

1953-ல் சன்னி, ஷியா மோதல் மூண்டது. மறு ஆண்டு, கட்டாய இன்ஷூரன்ஸ் சுமையை எதிர்த்து ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். பாக்கிர் அவர்களுக்குக் கூட்டுறவு நிதி ஒன்றை அமைத்துத் தந்தார். மதப்பிரிவு பிரித்தவர்களை வயிற்றுப்பாடு இணைத்தது! அதே 1954-ல் எட்டுப் பேர் குழு எழுந்தது. நால்வர் சன்னி, நால்வர் ஷியா. தேர்தல் மன்றம் வேண்டும், எழுதப்பட்ட சட்டம் வேண்டும், மேல்முறையீட்டு மன்றம் வேண்டும், தொழிற்சங்க உரிமை வேண்டும் என்றனர். 1955-ல் தொழிலாளர் சம்மேளனமும் பிறந்தது.

மன்னராட்சி பொறுக்குமா? 1956 நவம்பரில் சூயஸ் படையெடுப்பைக் கண்டித்த ஊர்வலம் கலவரமாக முடிந்தது, தலைவர்கள் கைதாயினர். நீதிபதிகள் மூவரும் ஆளும் குடும்பத்தார்! விசாரணை தொடங்குமுன்பே தீவுச் சிறைக்கு ஏற்பாடு நடந்தது. தீர்ப்பு: பதினான்கு ஆண்டு. 1961-ல் செயிண்ட் எலினா நீதிமன்றமே அந்தக் காவல் செல்லாதென்று கூறி விடுவித்தது. பஹ்ரைன் சுதந்திர நாடான 1971-ஆம் ஆண்டே அவர் மறைந்த ஆண்டும் ஆயிற்று.

1957-ல் தொழிலாளர் சட்டம் வந்தது. கேட்டவரோ கடலுக்கு அப்பால்! சங்கத்திற்குச் சட்ட ஏற்பு 2002-ல்தான் கிட்டியது. உள்நாட்டாருக்கே முதல் வேலை என்று இன்று வளைகுடா அரசுகள் அனைத்தும் முழங்குகின்றன. கோரிக்கையில் பாதியை எடுத்துக்கொண்டன, மறுபாதியை விட்டுவிட்டன. அரசு அளிக்கும் வேலை சலுகை. சங்கம் கூடிப் பெறும் வேலை உரிமை. சலுகையை மன்னர் கையாலேயே திரும்பப் பெறலாம். உரிமையைப் பறிக்க வேண்டுமானால், ஒரு போர்க்கப்பல் தேவைப்படுகிறது!