கல்விக்காகக் கையேந்திய இஞ்ஞாசியார்



புனித லொயோலா இஞ்ஞாசியார் என்றதும் பம்பலோனா கோட்டையில் குண்டடிபட்டு வீழ்ந்த போர்வீரரும், மன்ரேசாவில் தவமிருந்த திருப்பயணியும், இயேசு சபையை நிறுவிய தலைவரும் நம் நினைவுக்கு வருகிறார்கள். இவர்களுக்கு நடுவே நாம் அதிகம் பேசாத இன்னொரு இஞ்ஞாசியார் இருக்கிறார். நாற்பது வயதை நெருங்கும்போது, அந்நிய நாட்டில், முதுகலைப் பட்டம் பெறுவதற்கான கட்டணத்துக்கும் அன்றாடச் சாப்பாட்டுக்கும் வழி தேடி அலைந்த மாணவர் அவர்.

ஆண்டுதோறும் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் பங்கு இல்லத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். பட்டப்படிப்பை எப்படியோ முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்கள். உதவி கேட்க வந்தவர்களே அதைக் கேட்கக் கூசி, வேறு எதையோ பேசிவிட்டுப் போவதையும் நாம் பார்க்கிறோம். அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்துத்தான் இந்த வரலாற்றை எழுதுகிறோம்.

இஞ்ஞாசியார் பிறந்தது 1491இல், பாஸ்க் நாட்டின் ஓர் உயர்குடியில். 1521இல் காலில் காயமடைந்து, மனம் மாறி, 1523இல் எருசலேம் சென்று திரும்பினார். ஆன்மாக்களுக்குப் பணியாற்ற வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தபோது வயது முப்பத்து மூன்று ஆகியிருந்தது. இலத்தீன் மொழியின் அரிச்சுவடியே தெரியாது. பார்சலோனாவில் சின்னஞ்சிறு பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார். அங்கே ஆசிரியர் அர்தேவோல் அவருக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். இனேஸ் பாஸ்குவால் என்ற கைம்பெண் தம் வீட்டில் இடம் கொடுத்தார். இசபெல் ரோசர் என்ற சீமாட்டி செலவுக்கு உதவினார். மேற்படிப்புக்கு அவருக்குக் கிடைத்த முதல் உதவித்தொகை இந்த இரு பெண்களின் கையிலிருந்து வந்தது என்றே சொல்லலாம்.

பிறகு அல்கலாவிலும் சலமான்காவிலும் படித்தார். படிப்போடு மறையுரை போன்ற போதனையும் செய்ததால், இரண்டு இடங்களிலும் விசாரணை, சிறை. பாவங்களைப் பற்றிப் போதிக்க வேண்டுமென்றால் இன்னும் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு வரவேண்டும் என்று சலமான்காவில் கட்டளையிட்டார்கள். ஒரு கழுதையின் முதுகில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு பார்சலோனாவுக்கு வந்தார். அங்கிருந்து தனியாக நடந்து, 1528 பிப்ரவரி 2ஆம் நாள் பாரிசை அடைந்தார்.

கதையின் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

பார்சலோனா நண்பர்கள் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உண்டியல் ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கோயிலில் காணிக்கை போடும் உண்டியலை எண்ணிவிட வேண்டாம். ஓர் ஊர் வணிகரிடம் பணத்தைக் கட்டி, இன்னோர் ஊர் வணிகரிடம் பெற்றுக்கொள்ளும் சீட்டுக்கு நம் முன்னோர் வைத்திருந்த பெயரும் அதுவே. அந்தச் சீட்டைக் கொடுத்து பாரிசில் இஞ்ஞாசியார் 25 பொற்காசுகள் பெற்றார். பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. தங்கியிருந்த விடுதியில் ஸ்பெயின் நாட்டு மாணவர் ஒருவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவரோ சில வாரங்களிலேயே அத்தனையையும் செலவழித்துவிட்டார். திருப்பித் தர அவரிடம் ஒன்றுமில்லை. தவக்காலம் முடிந்தபோது இஞ்ஞாசியாரின் கையில் ஒரு காசும் இல்லை.

விடுதியைவிட்டு வெளியேறி, திருப்பயணிகளுக்கான புனித யாக்கோபு சத்திரத்தில் ஒதுங்கினார். படுக்க இடம் கிடைத்தது. சாப்பாட்டுக்குத் தெருவில் இரக்க வேண்டும். அவர் படித்த மோந்தேகு கல்லூரி சேன் ஆற்றின் தென்கரையில், புனித ஜெனவியேவ் குன்றின்மேல் இருந்தது. சத்திரமோ ஆற்றுக்கு வடக்கே, வெகு தொலைவில். கல்லூரியில் விடியுமுன் பாடம் தொடங்கிவிடும். சத்திரத்தின் கதவு விடிந்த பின்புதான் திறக்கும். மாலையில் மூவேளைச் செப மணி அடிப்பதற்குள் திரும்பியாக வேண்டும். காலையில் ஒரு பாடம் போயிற்று, மாலையில் ஒரு பாடம் போயிற்று, நடுவில் இரக்கப் போன நேரமும் போயிற்று. இலவசத் தங்குமிடம் கிடைத்தும் படிப்பு நகரவில்லை. இன்று விடுதிக்கும் கல்லூரிக்கும் நடுவே இரண்டு பேருந்து மாறிப் போகும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று எண்ணினார். பேராசிரியர் ஒருவரிடம் பணியாளாக இருந்து அவரிடமே பாடம் கேட்பது அக்காலத்தில் ஏழை மாணவர்களுக்கு இருந்த வழக்கமான வழி. அந்தப் பேராசிரியரைக் கிறிஸ்துவாகவும், உடன் இருக்கும் மாணவர்களில் ஒருவரைப் பேதுருவாகவும் ஒருவரை யோவானாகவும் நினைத்துக்கொண்டு பணிசெய்யலாம் என்றுகூடக் கற்பனை செய்து வைத்திருந்தார். பலரிடம் சொல்லிவைத்தார். வேலை கிடைக்கவே இல்லை. புனிதராகப் போகிறவருக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்படத்தான் செய்தது!

கடைசியில் வழி காட்டியவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி ஒருவர். தினந்தோறும் சிறிது சிறிதாக இரந்து படிப்பைக் கெடுத்துக்கொள்வதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய், அங்கே வாழும் ஸ்பெயின் வணிகர்களிடம் ஆண்டு முழுமைக்கும் வேண்டியதைக் கேட்டுப் பெறலாம், அதற்கு இரண்டு மாதம்கூட ஆகாது என்று அவர் எடுத்துச் சொன்னார். இஞ்ஞாசியார் இதைச் செபத்தில் வைத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். 1529 தவக்காலத்தில் புரூஜ், ஆண்ட்வெர்ப் நகரங்களுக்குச் சென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் சென்றார். ஒருமுறை கடல் கடந்து இங்கிலாந்து வரைக்கும் போய், மற்ற ஆண்டுகளைவிட அதிகம் பெற்று வந்தார். அவர் படிப்பில் உறுதியாக இருப்பதைக் கண்ட வணிகர்கள், பின்னாளில் அவர் வரக் காத்திராமல் தாங்களே உண்டியல் வழியாகப் பணம் அனுப்பினார்கள்.

இந்த மாற்றம் சிறியதாகத் தெரியலாம். நம் பார்வையில், அவருடைய மாணவ வாழ்வின் திருப்புமுனை இதுதான். பிச்சையில் வாழ்வதையே புண்ணியமாக ஏற்றிருந்தவர், படிப்பும் ஒரு பணி, அதற்கென்று நேரமும் வயிறும் அமைதியும் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார். படிக்கும் காலத்தில் ஒறுத்தல்களையும் நீண்ட செபங்களையும்கூடக் குறைத்துக்கொண்டார்.

கையேந்தியதற்காக அவரை ஏசியவர்களும் உண்டு. உயர்குடியில் பிறந்தவர் இப்படி இரந்து திரிவது குடும்பத்துக்கே இழுக்கு, அது பாவம் என்று ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஒருவர் வாதாடினார். இஞ்ஞாசியார் கோபப்படவில்லை. உலகத்தைத் துறந்த ஓர் உயர்குடியினர் கடவுளின்பொருட்டு இரந்து வாழ்வது பாவமா என்று பாரிசின் இறையியல் பேராசிரியர்களிடமே கேள்வியாக வைத்தார். பாவமில்லை என்று பதில் வந்தது. கௌரவம் பார்த்து உதவித்தொகை விண்ணப்பத்தைப் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கி வைத்துவிடும் பெற்றோர் நம்மிடையே இல்லையா?

அந்த 25 பொற்காசுகளின் கதைக்குத் திரும்புவோம். 1529இல் ஒரு நாள், பணத்தைச் செலவழித்துவிட்ட அதே மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. ஊருக்குக் கப்பலேற ரூவான் நகருக்குப் போன இடத்தில் நோயுற்றுக் கிடக்கிறார். இஞ்ஞாசியார் புறப்பட்டார். உண்ணாமல், பருகாமல், வெறுங்காலோடு நடந்து போய் அவரைப் பார்ப்பது என்று தீர்மானித்தார். மிகைப்படுத்திச் சொல்லும் புனிதர் கதை இதுவன்று. விடியற்காலையில் உடை உடுத்தும்போது கை கால் ஓடாத அளவுக்கு அச்சம் தம்மைப் பிடித்ததை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அர்ஜன்தேய் என்ற ஊரைக் கடந்து ஒரு மேட்டில் ஏறும்போதுதான் அந்தப் பாரம் நீங்கியது. மகிழ்ச்சியால் வயல்வெளியில் கடவுளோடு உரக்கப் பேசிக்கொண்டே நடந்தார். முதல் இரவு ஒரு சத்திரத்தில், பிச்சைக்காரர் ஒருவரோடு ஒரே படுக்கையில். அடுத்த இரவு வைக்கோல் போரில். மூன்றாம் நாள் ரூவான் வந்து சேர்ந்தார். நோயாளியைத் தேற்றினார், ஸ்பெயினுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட உதவினார், சலமான்காவில் இருந்த தம் தோழர்களுக்கு அறிமுகக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். பணத்தைப் பற்றி அவர் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் புனித பார்பரா கல்லூரியில் மெய்யியல் படிப்பைத் தொடங்கினார். அறைத்தோழர்கள் இருவர். இருவருக்கும் வயது 23. ஒருவர் சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பேதுரு ஃபாவர். மற்றவர் போரில் சொத்திழந்த நவார் நாட்டுக் குடும்பத்தின் கடைசி மகன், நம் பிரான்சிஸ் சவேரியார். ஃபாவர் இஞ்ஞாசியாருக்குப் பாடங்களை மறுபடி சொல்லிக் கொடுத்தார். இஞ்ஞாசியார் கொண்டுவந்த பணத்தில் ஃபாவரும் பங்கு பெற்றார். ஒரே அறை, ஒரே பந்தி, ஒரே பணப்பை என்று வாழ்ந்ததை ஃபாவர் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். சவேரியார் பட்டம் பெற்றுப் பேராசிரியராகப் பாடம் நடத்தத் தொடங்கியபோது, அவருடைய வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தவரும் இஞ்ஞாசியாரே. மாணவர் வந்தால்தானே ஆசிரியருக்கு வருமானம்.

பட்டம் பெறுவதற்கும் செலவு இருந்தது. இளங்கலைத் தேர்வுச் சடங்குக்கு ஒரு பொற்காசு கட்ட வேண்டும். மிக ஏழைகள் அதை விட்டுவிடுவார்கள். தாம் கட்டலாமா என்று இஞ்ஞாசியார் தயங்கி, ஆசிரியரின் முடிவுக்கு விட்டார். கட்டச் சொன்னார் ஆசிரியர், கட்டினார். அதற்கும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். 1533 மார்ச் மாதம் அடுத்த நிலைப் பட்டத்தைப் பெற்றபோது, கைக்கு மீறிய செலவாகிவிட்டதைச் சொல்லி பார்சலோனாவின் இனேஸ் பாஸ்குவாலுக்குக் கடிதம் எழுதினார். எழுத அவர் வெட்கப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், தம் அண்ணன் மகனின் படிப்பைப் பற்றி எழுதும்போதும் கணக்கோடுதான் எழுதினார். பாரிசில் ஆண்டுக்கு 50 டுக்காட் காசுகள் இருந்தால் குறையில்லாமல் படிக்கலாம். வேறிடத்தில் ஆறு ஆண்டில் கற்பதை இங்கே நான்கு ஆண்டில் கற்றுவிடலாம், ஆகவே முடிவில் இதுவே சிக்கனம் என்று எடுத்துக்காட்டினார்.

அதே கல்லூரியில் இன்னொரு வகை மாணவர்களும் இருந்தார்கள். போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜான் தம் நாட்டு மாணவருக்காக 50 உதவித்தொகைகளை அங்கே ஏற்படுத்தியிருந்தார். இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களில் ஒருவரான சிமோன் ரொட்ரீகஸ் அந்த உதவித்தொகையில் படித்தவர். இரந்து படித்தவரும் அரசர் பணத்தில் படித்தவரும் 1534 ஆகஸ்டு 15இல் மோன்மார்த்ர் குன்றில் ஒன்றாக வாக்களித்தார்கள். உதவித்தொகைகளைக் கவனித்துவந்த கல்லூரித் தலைவர் கூவையா, ஒருகாலத்தில் இஞ்ஞாசியாருக்குக் கசையடி தருவதாக மிரட்டியவர். அவரே 1538இல் இந்தத் தோழர்களை இந்தியப் பணிக்கு அழைக்குமாறு மன்னருக்கு எழுதினார். அதன் பயனாகத்தான் 1542 அக்டோபரில் சவேரியார் நம் முத்துக்குளித்துறையில் கால் வைத்தார்.

இயேசு சபையின் சட்டங்களை எழுத உட்கார்ந்தபோது, இஞ்ஞாசியார் பாரிசை மறக்கவில்லை. முழு வாக்களித்த துறவிகளின் இல்லங்களுக்கு நிலையான வருமானம் கூடாது, அவர்கள் தர்மத்தில் வாழவேண்டும் என்று விதித்தவர், சபை மாணவர்கள் படிக்கும் கல்லூரிகளுக்கு மட்டும் நிலையான வருமானம் இருக்கலாம் என்று எழுதினார். ஏழ்மையை அத்தனை நேசித்தவர், மாணவர் தெருவில் இரக்கப் போக வேண்டியதில்லை என்று பார்த்துக்கொண்டார். 1551 பிப்ரவரியில் உரோமையில் கபிடோலின் குன்றின் அடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டில் கல்லூரியைத் தொடங்கினார். இலக்கணமும் இலக்கியமும் மறைக்கல்வியும் இங்கே இலவசம் என்று வாசலில் எழுதி வைக்கப்பட்டது.

இலவசமாகக் கற்பித்த அந்தக் கல்லூரியின் செலவுக்கு எங்கிருந்து பணம் வரும்? பிரான்சிஸ் போர்ஜியார் கொடுத்தது தொடக்கத்துக்கு உதவியது. அதன்பின் கடன்தான். 1556 ஜூலை 31இல் இறக்கும்வரை அந்தக் கல்லூரிக்காக ஆயர்களுக்கும் பிரபுக்களுக்கும் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின்புதான் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அதற்கு வருமானமும் புதிய கட்டடமும் அமைத்துக் கொடுத்தார். இன்று நம் மறைமாவட்டங்களிலிருந்து உரோமைக்கு மேற்படிப்புக்குப் போகும் குருக்கள் பலர் படிக்கும் கிரகோரியன் பல்கலைக்கழகம் அதுவே. அவர்களிலும் பலர் யாரோ ஒருவர் தரும் உதவித்தொகையில்தான் படித்துவிட்டு வருகிறார்கள்.