ஜிங்க்கைப் பிடிக்கும் நண்டுக் கொடுக்கு

சிவகிரிப் பக்கம் எலுமிச்சையில் இலை சிறுத்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் தட்டினால் உரக்கடையில் 'செலேட்டட் ஜிங்க்' கேட்கிறீர்கள். சாதா ஜிங்க் சல்பேட்டைவிட விலை அதிகம். அந்தப் பாக்கெட்டுக்குள் இருக்கும் அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர் ஆல்பிரட் வெர்னர்.

1866-ல் பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 26 வயதில் ஒருநாள் பின்னிரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு, மாலை 5 மணி வரை எழுதித் தள்ளினார். கோபால்ட்டைச் சுற்றி ஆறு இடங்கள் உண்டு, ஆறு அம்மோனியாவும் நைட்ரஜன் பக்கமாக அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன என்பது அவர் கணிப்பு. பெரியவர்கள் நம்பவில்லை. விடாப்பிடியாக உழைத்து, 1911-ல் இரண்டு நைட்ரஜன் உள்ள எத்திலீன்டையமினை வைத்து நிரூபித்தார். 1913-ல் நோபல் பரிசு. 1919-ல் 52 வயதில் மரணம். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'செலேட்' என்ற பெயர் பிறந்தது அடுத்த ஆண்டுதான்.

இன்று நீங்கள் வாங்கும் இ.டி.டி.ஏ., இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என ஆறு பிடியால் ஜிங்க்கைக் கவ்வுகிறது. அதனால் சுண்ணாம்பு மண்ணிலும் ஜிங்க் எளிதில் முடங்காது. இரும்பு விஷயம் வேறு: அந்த மண்ணில் கால்சியம் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இரும்பு வெளியேறித் துருவாகிவிடும். இரும்பு இ.டி.டி.ஏ.வை அங்கே வேரில் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள்; இலையில் தெளியுங்கள்.