நிழற்படக் கலைஞர் தீனதயாளர்

ஓவியர் தூரிகையால் உருவத்தை வரைவர். சிற்பியர் உளியால் செதுக்குவர். ஒளியைக் கொண்டே உருவத்தைப் பதிவு செய்வது நிழற்படக் கலை. 1839ஆம் ஆண்டு ஐரோப்பாவில் உலகறிய வெளிப்பட்ட இக்கலை, விரைவில் நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. சென்னை இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதற் பயணிப் புகைவண்டி புறப்பட்ட 1856ஆம் ஆண்டிலேயே அந்நகரில் நிழற்படக் கழகம் ஒன்றும் தோன்றிற்று. அந்நாளில் இக்கலை பெரும்பாலும் ஐரோப்பியர் கையிலேயே இருந்தது. அதனைக் கற்றுத் தேர்ந்து, அவர்களும் போற்றும் வண்ணம் உயர்ந்த இந்தியருள் தலைசிறந்தவர் தீனதயாளர்.

தீனதயாளர் 1844ஆம் ஆண்டு மீரட் நகருக்கு அண்மையிலுள்ள சர்தனா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் சமண சமயத்தினர்; அணிகலன் வணிகம் செய்தவர். தீனதயாளரோ குலத்தொழிலை மேற்கொள்ளாமல், ரூர்க்கியிலிருந்த தாம்சன் பொறியியற் கல்லூரியில் பயின்றார். 1866ஆம் ஆண்டு இந்தூரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் அமர்ந்தார். மாதந்தோறும் தவறாது ஊதியம் கிடைக்கும் அரசாங்கப் பணி அது.

ஏறத்தாழ முப்பதாம் வயதில் அவர் நிழற்படக் கலையில் ஈடுபட்டார். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் படம் கிடைத்துவிடுகிறது. அன்றோ ஒரு படம் எடுப்பது பெருமுயற்சி. கண்ணாடித் தகட்டின்மீது பசைபோன்ற மருந்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கருவியில் வைத்துப் படமெடுத்தல் வேண்டும். உடனே இருட்டறைக்கு எடுத்துச் சென்று உருவத்தை வெளிப்படுத்துதல் வேண்டும். வெளியூர் சென்றால் இருட்டறைக்கென ஒரு கூடாரமும் உடன் செல்லும். பின்னர், முட்டையின் வெண்கரு பூசிய தாளைத் தகட்டின்கீழ் வைத்து, வெயிலில் காட்டிப் படியெடுப்பர். படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, தகடும் அவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும். இவற்றுள் எந்தப் படியில் கை தவறினாலும் உழைப்பெல்லாம் வீணாகும். பொறியியல் கற்ற தீனதயாளரின் கணக்கும் பொறுமையும் இங்கே அவருக்குப் பெரிதும் உதவின.

இந்தூர் மன்னர் இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர் அவரை ஊக்குவித்தார். ஆங்கில அதிகாரி லெபல் கிரிபின் 1882ஆம் ஆண்டு பந்தேல்கண்டுப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தபோது, தீனதயாளரையும் உடன் அழைத்துச் சென்றார். அப்போது அவர் எடுத்த கோட்டைகள், கோயில்கள் ஆகியவற்றின் படங்கள் மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற சின்னங்களைப் பற்றிய நூலாக 1886இல் வெளிவந்தன. இதற்கிடையே, 1885ஆம் ஆண்டு அவர் அரசப் பிரதிநிதியான டப்பரின் பிரபுவின் நிழற்படக் கலைஞராக நியமனம் பெற்றார்.

இந்நிலையில் அவர் ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒருபுறம் நிலையான ஊதியம். மறுபுறம் உள்ளம் விழைந்த கலை. வருவாய் இன்று வரும், நாளை வராது. கருவியும் மருந்தும் விலை மிக்கவை. எனினும் அவர் துணிந்தார். முதலில் இரண்டாண்டு விடுப்புப் பெற்றார். தம் கலை தம்மைக் காக்கும் என்று தெளிந்தபின் அரசாங்கப் பணியினின்று விலகினார். அவருடைய துணிவு ஆராய்ந்து கொண்ட துணிவாகும்.

செகந்திராபாத்தில் அவர் நிறுவிய கலைக்கூடம் விரைவில் புகழ்பெற்றது. 1896இல் பம்பாயிலும் ஒரு கலைக்கூடம் திறந்தார். மன்னரும் பிரபுக்களும் படைவீரரும் வணிகரும் குடும்பத்தோடு வந்து படமெடுத்துக் கொண்டனர். திரைமறைவில் வாழ்ந்த மகளிர் ஆடவர்முன் அமர்ந்து படமெடுத்துக்கொள்ள இயலாதிருந்தது. அவர்தம் நாணத்திற்கு ஊறு நேராவண்ணம், 1892ஆம் ஆண்டு மகளிர்க்கெனத் தனிக் கலைக்கூடம் அமைத்தார். அதனை ஓர் ஆங்கிலப் பெண்மணி நடத்தினார். பிறர் மனமறிந்து நடப்பதே தொழிலின் முதல் இலக்கணம் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஐதராபாத் நிஜாம் மகபூப் அலிகான் அவரைத் தம் அவைக் கலைஞராக்கிக்கொண்டு, 1894இல் இராஜா பகதூர் முசவ்விர் ஜங் என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தார். 1897இல் விக்டோரியா அரசியாரின் அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் அரண்மனை விருந்துகளையும் வேட்டைகளையும் மட்டுமே அவர் படமெடுத்தாரல்லர். நாட்டில் பஞ்சம் வாட்டியபோது, நிவாரணப் பணியிடங்களில் கூடிய ஏழை மக்களையும் படமெடுத்தார். முத்துமாலை அணிந்த மன்னரைப் பதித்த அதே கருவி, எலும்புந் தோலுமாய் நின்ற மனிதரையும் பதித்தது. இன்று வரலாற்றை ஆராய்வோர்க்கு இருவகைப் படங்களும் சான்றாக விளங்குகின்றன.

தீனதயாளர் 1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மறைந்தார். அவர் தம் தகடுகளில் எண்ணும் பெயரும் பொறித்து வைத்திருந்தமையால், எது அவர் கைவண்ணம் என்று இன்றும் அறிய முடிகிறது. 1989ஆம் ஆண்டு இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவருடைய தகடுகளுள் 2,857ஐப் பெற்றது. 2006இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

கண்ணாடி எளிதில் உடையும் பொருள். அதனை நம்பி ஒருவர் தம் வாழ்வையே ஒப்படைத்தார். அவருடைய ஒழுங்கான உழைப்பால், அவர் காலத்து மாந்தர் முகங்கள் நூறாண்டு கடந்தும் நம்மை நோக்கி நிற்கின்றன. எத்தொழிலை மேற்கொள்வோரும் அவரைப்போல் கருத்தூன்றிச் செய்வாராயின், அத்தொழிலே அவர்க்குப் புகழ் தேடித் தரும்.