கடையை மூடிய, கோயிலைத் திறந்த விவசாயி

சென்னையில் உள்ள ஓமந்தூரார் மருத்துவமனையின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், கணபதியிலோ காந்திபுரத்திலோ இன்றைய இளைஞர்கள் எத்தனை பேர் பதில் சொல்வார்கள் என்பது சந்தேகமே. நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். மாகாணம் முழுவதும் கள்ளுக்கடை, சாராயக்கடைகளை மூடியதும், தலித் மக்களின் கோயில் நுழைவைச் சட்டப்படியான உரிமையாக்கியதும் அவரது ஆட்சிதான்.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், திண்டிவனம் அருகே உள்ள ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று காங்கிரசில் சேர்ந்தார், சிறை சென்றார், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகவும் இருந்தார். பதவிக்கு வந்த பிறகும் கதர் வேட்டியும் விவசாயி என்ற அடையாளமும் மாறவில்லை. வள்ளலாரிடம் ஆழ்ந்த பற்று கொண்டவர். சாதி பார்க்காத பந்தி, உயிர் இரக்கம் ஆகியவற்றை அங்கிருந்தே பெற்றார்.

மதுவிலக்கு அவர் தொடங்கிய இயக்கம் அல்ல. அதன் வேர் நம் கொங்கு மண்ணிலும் உண்டு. 1921இல் ஈரோட்டில் பெரியார் கள்ளுக்கடை மறியல் நடத்தினார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் நின்றார்கள். கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று தமது தோப்பின் தென்னை மரங்களையே பெரியார் வெட்டிச் சாய்த்தார். 1925இல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, ஊர் ஊராகக் குடிக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார். அவர் முதல்வரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பிறகு இரண்டாம் உலகப்போர் காலத்து கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது.

இது தலித் மக்களின் பிரச்சினையும் ஆனது ஏன் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பண்ணையத்துக்கு இருந்த அருந்ததியர், பறையர் குடும்பங்களுக்குக் கையில் காசு வருவதே அரிது. வந்த காசும் கள்ளுக்கடைக்குப் போனால், மிச்சம் கடன்தான். கடன் ஏறினால் அடுத்த ஆண்டும் அதே பண்ணையம். கடையை ஏலம் விட்ட அரசுக்கு வருவாய், ஏலம் எடுத்தவருக்கு லாபம், கூலிக்காரர் வீட்டில் பட்டினி.

1947 மார்ச்சில் ஓமந்தூரார் முதல்வரானார். அதற்கு முன் பிரகாசம் ஆட்சி எட்டு மாவட்டங்களில் மதுவிலக்கை மீண்டும் தொடங்கியிருந்தது. ஓமந்தூரார் அதைப் படிப்படியாக விரித்து, 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதற்கும் கொண்டுவந்தார். அரசின் பெரிய வருவாய் ஒன்று போனது. அதற்காக அவர் பின்வாங்கவில்லை.

கோயில் நுழைவிலும் அதே உறுதிதான். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் திறக்கப்பட்டபோது வந்த சட்டம், கோயிலைத் திறக்கும் முடிவை அறங்காவலர்களிடம் விட்டது. அவர்கள் மனம் வைத்தால்தான் கதவு திறக்கும். ஓமந்தூரார் ஆட்சியில் வந்த 1947 சட்டம், எந்தச் சாதி இந்துவும் எந்தக் கோயிலிலும் நுழைந்து வழிபடலாம் என்பதை உரிமையாக்கியது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

வேலைவாய்ப்பிலும் ஒரு மாற்றம் நடந்தது. பழைய வகுப்புவாரி உத்தரவில் 12 இடங்களுக்கு ஒன்றுதான் தாழ்த்தப்பட்டோருக்கு. 1947 நவம்பரில் அது 14க்கு இரண்டாக உயர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கும் தனியாக இரண்டு இடங்கள் கிடைத்தன. இதற்காக, தாடி இல்லாத இராமசாமி என்று அவரைக் கேலி பேசியவர்களும் உண்டு.

குறைகளையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1948இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிலத்தை ரயத்துகளுக்குக் கொடுத்தது. அந்த நிலத்தில் உழைத்த தலித் கூலிக்காரருக்குக் கொடுக்கவில்லை. பொது ஒழுங்குச் சட்டத்தின் பெயரால் இடதுசாரிகள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பெரியாரின் கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டதும் இவர் ஆட்சியில்தான்.

சொந்தக் கட்சிக்காரர்களின் சிபாரிசுகளுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு விலகி வடலூர் சென்றார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்து, பள்ளியும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமும் நடத்தினார். 1970 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

அடுத்த ஆண்டே, 1971இல், மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. இன்று கொங்கு மண்டல விவசாயிகள் கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடுகிறார்கள். கள் உணவா, போதையா என்று மேடைகளில் விவாதம் நடக்கிறது. காலனிகளில் குடியால் கணவனை இழந்த பெண்களின் கருத்தை அந்த மேடைகள் கேட்பதில்லை. பட்டறையில் வாங்கிய வாரக்கூலி வீடு வந்து சேருமா என்று காத்திருக்கும் பெண்களையும் சேர்த்து வைத்துத்தான் அந்த விவாதம் நடக்க வேண்டும்.

மதுவிலக்குச் சட்டம் தளர்ந்துவிட்டது. கோயில் நுழைவு உரிமை தளரவில்லை. ஆனாலும் பல ஊர்களில் தலித்துகள் கோயிலுக்குள் செல்ல முயன்றால், முதலில் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஊரார் சம்மதம் கேட்கப்படுகிறது. சம்மதம் இல்லை என்றால் கோயிலுக்கே பூட்டு. இது 1939க்குத் திரும்பிப் போவது. ஊரார் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் உள்ளே செல்லும் உரிமை உண்டு என்று ஓமந்தூர் விவசாயியின் ஆட்சி 1947இலேயே எழுதிவைத்துவிட்டது. அடுத்த முறை பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படும்போது, நம் மக்கள் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துச் செல்லட்டும்.