பழைய ஏடுகளின் காவலர் ஆர். ஜி. அந்தோனிஸ்

திருமண ஓலை கூறுமுன் பங்குக் குருவானவர் ஞானஸ்நானப் பதிவைக் கேட்பார். பாலையூற்றிலும் இதுவே வழக்கம். மன்னாரிலும் இதுவே வழக்கம். பதிவுப் புத்தகம் பத்திரமாயிருந்தால் சில நிமிட வேலை. கறையான் தின்றிருந்தாலோ, இடம்பெயர்ந்த நாட்களில் தொலைந்திருந்தாலோ, அக்குடும்பம் படும் பாடு சொல்லுந்தரமன்று. ஏடு காத்தல் எத்துணைப் பெரிய தொண்டு என்பது அப்போதுதான் விளங்கும். அத்தொண்டிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே இலங்கை அரசாங்கத்தின் சுவடிக் காப்பாளராயிருந்த ரிச்சர்ட் ஜெரால்ட் அந்தோனிஸ்.

அன்னார் 1852-ம் ஆண்டு காலியிலே, ஒல்லாந்தப் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார். ஒல்லாந்தர் 1795-ல் திருகோணமலையையும் 1796-ல் கொழும்பையும் ஆங்கிலேயரிடம் இழந்தபோது, ஆயிரக்கணக்கான ஏடுகளை இங்கே விட்டுச் சென்றனர். நிருவாக சபைக் கூட்டக் குறிப்புகள், கடிதங்கள், காணித் தோம்புகள், பாடசாலைத் தோம்புகள் என அவை பலவகைப்பட்டன. காலப்போக்கில் பறங்கியரே ஒல்லாந்த மொழியை மறந்து ஆங்கிலம் பேசலாயினர். வாசிப்பாரற்ற ஏடு எத்தனை நாள் நிலைக்கும்?

1902-ல் அந்தோனிஸ் சுவடிக் காப்பாளராக நியமனம் பெற்றார். அவற்றை வகைப்படுத்தி ஆராய்ந்து, 1907-ல் விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். அவர் பதவியிலிருந்த காலத்திலேயே ஒல்லாந்த அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. யாழ்ப்பாணத்தை ஆண்ட சுவார்டெக்ரூன் 1697-ல் எழுதிவைத்தது, சோபியா பீற்றர்சின் மொழிபெயர்ப்பில் 1911-ல் அச்சேறியது. 1908-ல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தோன்றவும் அவரே முன்னின்றார். ஓய்வு பெற்றபின்னும் எழுதுவதை விடவில்லை. இலங்கையில் ஒல்லாந்தர் பற்றிய அவரது நூல் 1929-ல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் காலமானார்.

இவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அவர் காத்த ஏடுகளில் நமக்கும் பங்குண்டு. ஒல்லாந்தர் நம் குருக்களைத் தடை செய்தனர். 1687-ல் புனித யோசேப்பு வாஸ் அடிகள் மாறுவேடத்திலேயே இங்கு வந்து சேர்ந்தார். கத்தோலிக்கரின் பிறப்பும் விவாகமும்கூடச் சட்டப்படி செல்லுபடியாக, ஒல்லாந்தர் சபையின் பாடசாலைத் தோம்பிலேயே பதியப்பட வேண்டியிருந்தது. நம் மறையை ஒழிக்க நினைத்தோரின் புத்தகங்களிலேயே நம் முன்னோர் பலரின் பெயர்கள் தங்கியிருப்பது இறைவனின் திருவுளமன்றோ!

ஒல்லாந்தக் கம்பனியின் ஏடுகள் 2003-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இலங்கையிலுள்ளவையும் அவற்றுள் அடங்கும்.

அன்பான வாசகர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் ஞானஸ்நானப் பத்திரம் கிடக்கிறதா? அதை எடுத்துப் பாருங்கள். ஈரம் படாமல் உறையிலிட்டு வையுங்கள். பிரதி ஒன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். நாளை பேரப்பிள்ளை ஒருவர் அதைத் தேடி வருவார்.